மரத்தில் ஒரு த்ரீ நாட் த்ரீ

எங்கள் செம்பூர் தமிழ்க் குழுவில் வருஷத்துக்கு ஒரு நாடகம் போடுவோம். சபா கிபா எல்லாம் இல்லை. சொசைட்டி ஹால், நூற்றைம்பது நாற்காலி, இடைவேளையில் மெதுவடை. போன தடவை நேதாஜியின் ஜான்சி ராணிப் படையை எடுத்துக்கொண்டோம். 1943ல் சிங்கப்பூரில் கேப்டன் லட்சுமி தலைமையில் திரண்டார்களே, அவர்களில் நிறையப் பேர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். நம் கதையை நாம்தானே போடவேண்டும்!

ஆறு துப்பாக்கி வேண்டியிருந்தது. சினிமா சாமான் விற்கிற ஒருவரிடம் ஃபைபரில் செய்த ஆறு டம்மியை விலைக்கே வாங்கினோம். பளபளவென்று கறுப்புப் பெயின்ட், பொம்மைக் கடை வாசனை. "நீதானேப்பா இன்ஜினியர், அசல் மாதிரி ஆக்கிக் கொடு" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

முதல் சண்டை, எது அசல் என்பதில். ஜப்பான்காரன் ஆதரித்த படை, அதனால் ஜப்பான் துப்பாக்கிதான் என்றார் எங்கள் டைரக்டர் அண்ணாச்சி. எனக்கு அது சரியாகப் படவில்லை. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தபோது பிரிட்டிஷ்காரன் போட்டுவிட்டுப் போன ஆயுதங்கள் குவிந்து கிடந்தன. இந்திய தேசிய ராணுவத்தின் கைக்கு வந்ததில் பெரும்பகுதி அதுதான். வெள்ளைக்காரனின் லீ என்ஃபீல்ட் அவனுக்கு எதிராகவே திரும்பியது. இதைவிட நல்ல நாடகம் வேறென்ன வேண்டும்? அண்ணாச்சி அரை மனதாக ஒத்துக்கொண்டார்.

என்ஃபீல்டிலும் வகை உண்டு. குழல் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது நாலாம் நம்பர், 1941ல்தான் முறைப்படி படைக்கு வந்தது. சிங்கப்பூரில் பிடிபட்டது பெரும்பாலும் பழைய ஒன்றாம் நம்பர். முனைவரை மரம், மூக்கு மொண்ணை. எங்கள் டம்மியோ ஈஷாப்பூர் தொழிற்சாலையில் 1960களில் செய்ய ஆரம்பித்த 7.62 மி.மீ. ரைஃபிளைப் பார்த்து வார்த்தது. தூரத்தில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. ஆனால் தோட்டாப் பெட்டி காட்டிக்கொடுத்துவிடும். புதியதில் டப்பா மாதிரி சதுரம், பழையதில் அடிப்பக்கம் சரிவு. ஆறு பெட்டியையும் அரத்தால் ராவி, பட்டி பூசிச் சரிவாக்கினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. வீட்டம்மா பேசவில்லை.

தோள்வாருக்குத் தாராவி போனேன். தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம் தோல் வேலை செய்கிற திருநெல்வேலிக்காரர் ஒருவர் எனக்குப் பழக்கம். அருமையாகத் தைத்துக் கொடுத்தார். அப்புறம் பழைய படங்களை உட்கார்ந்து பார்த்தால், அந்தக் காலத்து வார் தோலே இல்லை, தடித்த பருத்தி நாடா! திரும்பப் போய்த் தலையைச் சொறிந்தேன். "முதல்லயே சொல்லக்கூடாதா தம்பி?" என்று சிரித்துவிட்டு, கித்தான் பை தைக்கிற பக்கத்துக் கடைக்கு அவரே கூட்டிப்போனார். தோல் வார் ஆறும் இப்போது எங்கள் வீட்டுப் பைகளில் தொங்குகின்றன.

பெரிய வித்தியாசம் வந்தது எடையால். அசல் கிட்டத்தட்ட நாலு கிலோ, டம்மி ஒன்றரைகூட இல்லை. கட்டையைக் குடைந்து ஈயத் துண்டு வைத்து அடைத்தேன். மறுநாள் ஒத்திகையில் பெண்கள் நடையே மாறிவிட்டது. தோள் ஒரு பக்கம் இறங்கியது. "சோர்வாக நட" என்று சொல்லித்தர வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. பெயின்ட்டைச் சுரண்டி, துரு நிறம் தடவி ஜொலிக்க வைப்பதெல்லாம் போட்டோவுக்குத்தான். நாடகத்துக்கு எடைதான் அசல் என்பது என் கட்சி.

இரண்டாவது சண்டை, குழலில். குழுவில் ஒரு காலேஜ் பையன், கெட்டிக்காரன். உள்ளே இரும்பு பைப் சொருகி, தீபாவளி மருந்து வைத்தால் மேடையில் புகையும் சத்தமும் வரும் என்றான். ஓவியம் போட்டே காட்டினான். அண்ணாச்சிக்குக் கண் பளபளத்தது. நான் முடியவே முடியாது என்றேன். கை போய்விடும் என்பது ஒன்று. 1959 ஆயுதச் சட்டத்தின் ஆறாவது பிரிவு இன்னொன்று: போலித் துப்பாக்கியைச் சுடும் துப்பாக்கியாக மாற்றுவதற்கே லைசென்ஸ் வேண்டும். "இது பட்டாசுதானே அங்கிள்" என்பதை எந்த இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொல்வது? இரும்பில் குழாய், அதற்குள் மருந்து என்று ஆனபிறகு அது நாடகச் சாமானா இல்லையா என்பதை முடிவு செய்வது நாம் இல்லை. பையனுக்குக் கோபம். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. குழலுக்குள் மரக்கட்டை இறக்கிப் பசை ஊற்றி அடைத்தேன். மொண்ணை மூக்கில் அது மூன்றாவது வரிசைக்கே தெரியாது. சத்தத்துக்கு ஸ்பீக்கர் இருந்தது.

நான் பிடிவாதம் பிடித்தது வீண் இல்லை என்று அடுத்த வாரமே தெரிந்தது. ஆறையும் போர்வையில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்தோம். சயான் பக்கம் நாக்காபந்தி. போர்வைக்கு வெளியே ஒரு மூக்கு எட்டிப்பார்த்தது. அந்த ஹவால்தாரின் முகம் மாறியதை இன்னும் மறக்கவில்லை. அவரைக் குறை சொல்லவும் மாட்டேன். 2008 நவம்பர் 26 இரவு சி.எஸ்.டி.யில் ஏ.கே.47க்கு எதிரே போலீஸ்காரர்கள் கையில் இருந்தது இதே த்ரீ நாட் த்ரீதான். ரோட்டோரம் நிற்கவைத்தார்கள். அழைப்பிதழைக் காட்டி, அடைத்த குழலைக் காட்டி, என் உடைந்த மராட்டியில் நேதாஜி கதையையும் சொல்லி முடிக்க அரை மணி. "ஜா, ஜா" என்று விட்டார்கள். அந்தப் பையனும் ஆட்டோவில்தான் இருந்தான். வீடு வரும்வரை வாயைத் திறக்கவில்லை.

நாடகம் நன்றாகவே நடந்தது. முடிந்தபின் மாட்டுங்காவிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி மேடையேறி ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "ஏ அம்மா, இதையா சுமந்தாளுங்க?" என்றார். அண்ணாச்சி உடனே, "அசல் எடை பாட்டி!" என்று தன் யோசனைபோலச் சொல்லிக்கொண்டார்.

ஆறும் இப்போது எங்கள் வீட்டுப் பரணில். அடுத்த வருஷம் கட்டபொம்மன் போடலாம் என்கிறார்கள். வாள் என்றால் அட்டையே போதும் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன் :-)