இடம் கிடைத்துவிட்டது; முதல் மாதத்திற்குப் பணம்?

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை. சங்க வேலையாகத் தலைநகர் சென்றிருந்த நாம், மஸ்ஜித் இந்தியா சாலையில் நமக்கு நன்கு அறிமுகமான ஒரு தோழரைச் சந்தித்தோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பால்மரம் வெட்டி வருபவர் அவர். உடன் அவருடைய மூத்த மகளும் வந்திருந்தாள். துணிக்கடைகளும் நகைக்கடைகளும் நெருங்கி நிற்கும் அந்தப் பகுதிக்கு நம் மக்கள் வருவது பெரும்பாலும் கல்யாணத்திற்கும் பண்டிகைக்கும் ஏதாவது வாங்கத்தான். இவரோ, கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்திருந்த மனைவியின் சங்கிலியை அடகு வைக்க வந்திருந்தார்.

"பிள்ளைக்கு யூனிவர்சிட்டியில இடம் கெடச்சிருக்குங்க. அடுத்த வாரம் கொண்டுபோய்ச் சேக்கணும். கவர்மெண்டு கடன் கைக்கு வர நாளாகுமாம். அதுக்குள்ள ஆயிரத்து ஐந்நூறு வேணும்" என்றார். நல்ல செய்தியைச் சொல்கிற முகமாக அது இல்லை. மகளோ, "அடுத்த வருஷம் போறேன்னு சொன்னா அப்பா கேக்க மாட்டேங்கிறாங்க" என்று தலைகுனிந்து சொன்னாள். இவ்வாண்டு விட்ட இடம் அடுத்த ஆண்டு கிடைக்கும் என்பதற்கு என்ன உறுதி என்று நாம் கேட்டோம். அதற்கு அவளிடம் பதிலில்லை.

தோழர்களே, இவ்வாரம் நாம் பேச விரும்புவது இந்த ஆயிரத்து ஐந்நூறு வெள்ளியைப் பற்றியே.

பிள்ளைகளைப் பல்கலைக் கழகத்திற்கு அனுப்புவது பணக்காரர்களுக்கே இயலும் என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் வேரூன்றியிருக்கிறது. அது முழு உண்மையன்று. அரசாங்கப் பல்கலைக் கழகங்களில் படிப்புச் செலவின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. எஞ்சிய கட்டணத்திற்கும் தங்கும் செலவிற்கும் கடன் கொடுக்க 1997 ஆம் ஆண்டிலேயே தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் அமைக்கப்பட்டது. பிடிபிடிஎன் என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். அப்படியிருந்தும் நம் பிள்ளைகள் தடுக்கி விழுகின்ற இடம் எது? முதல் படியிலேயே விழுகிறார்கள். பதிவு நாளன்று கட்ட வேண்டிய தொகை, விடுதிக் கட்டணம், மெத்தை விரிப்பு முதல் மடிக்கணினி வரையிலான சாமான்கள், கடன் பணம் வந்து சேரும் வரையில் சாப்பாடு, பஸ் செலவு ஆகிய அனைத்தும் ஒரே மாதத்தில் வந்து தலைமேல் விழுகின்றன.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025 ஆம் ஆண்டு பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்தச் சம்பளக்காரர் ஒருவருக்கு ஊழியர் சேமநிதிக்கு நூற்றுக்கு 11 வீதம் 187 வெள்ளி கழிகிறது. சொக்சோ சந்தாவும் போனால் கையில் நிற்பது ஏறத்தாழ 1,500 வெள்ளி. ஆக, நம் தோழர் அன்று தேடி அலைந்தது அவருடைய ஒரு மாத உழைப்பு முழுவதையும்! வீட்டில் அடுப்பெரிய வேண்டாமா? மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டாமா?

பிறகு மாதச் செலவு. காலையில் நான்கு வெள்ளி, மதியமும் இரவும் எட்டெட்டு வெள்ளி என்று வைத்தால் நாளொன்றுக்கு 20, மாதத்திற்கு 600 வெள்ளி சாப்பாட்டுக்கே போய்விடும். அது தகப்பனார் கைக்கு வரும் சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. இதனால்தான் வீட்டிலிருந்து ஒரு காசும் கேட்கக் கூடாது என்று எண்ணும் பிள்ளைகள் முதலில் வயிற்றில் கை வைக்கிறார்கள். காலை உணவை நிறுத்துகிறார்கள்; இரவில் மீயைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள். விடுமுறைக்கு வீடு வந்த பிள்ளை மெலிந்திருப்பதைக் கண்டு, "படிப்பு அதிகம் போலிருக்கிறது" என்று தாய் நினைத்துக் கொள்கிறாள்.

இன்னும் சில பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். அதே பெண்ணைத் தீபாவளிக்கு முந்திய வாரம் மறுபடியும் மஸ்ஜித் இந்தியாவில் கண்டோம். இம்முறை ஒரு துணிக்கடையில் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். உழைத்துப் படிப்பது இழிவன்று, அது பெருமையே. ஆனால் தீபாவளிக் கூட்டம் அலைமோதும் அதே வாரங்களில்தான் முதலாண்டு மாணவர்களுக்கு முதல் சோதனைகளும் நெருங்குகின்றன. காலை முதல் இரவு வரை கடையில் நின்ற கால்கள் மறுநாள் விரிவுரைக்கு எப்படிப் போகும்? "சங்கிலியை மீட்கணும், ஐயா" என்று மட்டும் அவள் சொன்னாள். நாம் மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்தச் சங்கிலியின் கதையையும் கேளுங்கள். உரிமம் பெற்ற அடகுக் கடைக்காரர் மாதத்திற்கு நூற்றுக்கு 2 வீதம் வரை வட்டி வாங்கலாம் என்பது சட்டம். 1,500 வெள்ளிக்கு மாதம் 30 வெள்ளி. பத்து மாதத்திற்கு 300 வெள்ளி. ஆண்டுக் கணக்கில் நூற்றுக்கு 24. உரிமம் இல்லாத வட்டி முதலைகளிடம் சிக்கியவர்களின் கதி இதைவிடக் கொடியது. பிடிபிடிஎன் கடனுக்கோ 2008 முதல் ஆண்டுக்கு நூற்றுக்கு 1 வீதமே சேவைக் கட்டணம். அதுவும் படிப்பு முடிந்து சில மாதங்கள் கழித்த பின்னரே திருப்பிச் செலுத்தத் தொடங்க வேண்டும். அரசாங்கக் கடன் என்றால் அஞ்சி ஒதுங்குகிற நாம், நூற்றுக்கு இருபத்து நான்கு வாங்கும் கடைக்கு அஞ்சாமல் படியேறுகிறோம். இது நம் குற்றமா? முழுவதும் நம் குற்றமன்று. நமக்குச் சொல்வார் இல்லை. கேட்கவும் நாம் கூசுகிறோம்.

"முன்பணம் கேட்டுப் பார்த்தீர்களா?" என்று நாம் அன்று வினவினோம். "அப்படி ஒன்னு இருக்குங்களா?" என்று அவர் திகைத்தார். இருக்கிறது! வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் அரசாங்க உயர்கல்விக் கூடங்களில் சேரும்போது, கடனிலிருந்து 1,500 வெள்ளி வரை முன்கூட்டியே பெற பிடிபிடிஎன் ஏற்பாடு செய்துள்ளது. பின்னர் அது கடனிலேயே கழிக்கப்படும். அவர் தேடிய அதே தொகை! ஆனால் அதற்கென விண்ணப்பம் உண்டு, திறக்க வேண்டிய சேமிப்புக் கணக்கு உண்டு, கெடு உண்டு. சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே தொடங்கியிருக்க வேண்டிய வேலை அது. ஒரு வாரம் மட்டும் கையில் இருந்த நிலையில் அவருக்கு அடகுக் கடையே வழியாயிற்று.

ஆகவே நம் தொழிலாளர்களும் கிராணிமார்களும் மனத்தில் இருத்த வேண்டிய சிலவற்றை இங்கே சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, பிள்ளை மேற்படிப்புக்கு மனுச் செய்யும்போதே பிடிபிடிஎன்-இன் எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கைத் திறந்து விடுங்கள். கடன் மனுவுக்கு அது வேண்டும். பிள்ளை சிறிதாக இருக்கும்போதே திறந்து, மாதம் பத்து இருபது போட்டு வருவது இன்னும் நல்லது.

இரண்டாவது, ஊழியர் சேமநிதியில் உங்கள் பெயரில் இருக்கும் பணத்தில் ஒரு பகுதியைப் பிள்ளையின் உயர்கல்விக்காக எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. 2024 மே மாதம் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்ட பின்னர், செஜாத்ரா என்னும் கணக்கிலிருந்து அதை எடுக்கலாம். ஆனால் அது முதுமைக்கான கஞ்சி என்பதை மறவாதீர்கள். கடனும் உதவியும் கிடைக்காதபோதே அதைத் தொட வேண்டும்.

மூன்றாவது, வேலையில் விபத்துக்குள்ளாகி நிரந்தர ஊனமுற்றோரின் பிள்ளைகளுக்கும், இறந்துபோன சந்தாதாரர்களின் பிள்ளைகளுக்கும் சொக்சோவில் கல்வி உதவி உண்டு. தகப்பனை இழந்த எத்தனை வீடுகளில் இது தெரிந்திருக்கிறது? அண்டை வீட்டில் அப்படிப்பட்ட பிள்ளை இருந்தால் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

நான்காவது, முதல் வகுப்பில் தேறும் பிள்ளைகள், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பிடிபிடிஎன் கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குப் பெற மனுச் செய்யலாம். ஆகையால் நாலு காசுக்காக விரிவுரையைத் தவறவிடும் பிள்ளை, சில வேளைகளில் பல ஆயிரம் வெள்ளியையே தவறவிடுகிறது. இதைப் பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். விதிகள் அவ்வப்போது மாறுபவை. அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்துப் பார்த்தே இறங்க வேண்டும்.

இதைப் படிக்கும்போதே பலர், "மலாய் மொழியில் இருக்கும் இந்தப் பாரங்களை, அதுவும் கணினியில், யார் நிரப்புவது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இங்கேதான் கிராணிமார்களை நோக்கிக் கைகூப்புகிறோம். முற்காலத்தில் ஊருக்குக் கடுதாசி எழுதவும், வந்த கடுதாசியைப் படித்துச் சொல்லவும் லயத்து மக்கள் கிராணியின் வாசலில்தான் நின்றார்கள். இன்று தேவைப்படும் கடுதாசி இது. சேர்க்கை முடிவுகள் வரும் மாதத்தில், வாரத்திற்கு ஒரு மாலை, தோட்டத்துச் சங்கக் கிளையில் அமர்ந்து நான்கு குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுத்தால், அது பத்துச் சங்கிலிகளை அடகுக் கடைக்குப் போகாமல் தடுக்கும்.

ஆனால் பாரம் மட்டும் போதாது. கையில் பணமும் வேண்டும். அதற்கு நம் யோசனை இது. ஒவ்வொரு கிளையும் ஒரு 'முதல் மாத நிதி' தொடங்க வேண்டும். நூறு உறுப்பினர்கள் மாதம் ஐந்து வெள்ளி கொடுத்தால் ஆண்டுக்கு 6,000 வெள்ளி. அதில் நான்கு பிள்ளைகளுக்கு ஆளுக்கு 1,500 வெள்ளி வட்டியின்றிக் கொடுக்கலாம். பிடிபிடிஎன் பணம் வந்ததும் அவர்கள் தவணையாகத் திருப்பித் தருவார்கள். திரும்பி வரும் பணம் அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்குப் போகும். இது தருமமன்று, சுற்றி வரும் பணம். கணக்கைக் கிளைக் கூட்டத்தில் எல்லார் முன்னும் படித்துக் காட்ட வேண்டும். யாருக்குக் கொடுப்பது என்பதைச் சேர்க்கைக் கடிதமே தீர்மானிக்க வேண்டும். தலைவருக்கு வேண்டியவரா என்பது தீர்மானிக்கக் கூடாது.

"ஐந்து வெள்ளியில் என்ன ஆகும்?" என்போருக்கு நம் சரித்திரமே விடை கூறும். 1950களில் மலாயாப் பல்கலைக் கழகத்தில் தமிழ் நிலைபெற வேண்டுமென்று தமிழ்முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் தொடங்கி, ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். தோட்டப்புறத் தொழிலாளியும் தன் வெள்ளியைக் கொடுத்தான். தன் பிள்ளை அந்த வாசலை மிதிக்கும் என்று கனவுகூடக் காணாதவன், அங்கே தமிழ் நூல்கள் இருக்க வேண்டும் என்று கொடுத்தான். பின்னர், வெள்ளைக்காரர் விற்றுச் சென்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் வெளியேற்றப்பட்ட காலத்தில், 1960 ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய நூறு வெள்ளிப் பங்குகளைக் கொண்டே அது தோட்டங்களை வாங்கியது. ஒரு வெள்ளியில் நூல்நிலையமும் பத்து வெள்ளியில் தோட்டமும் கண்ட சமுதாயத்திற்கு ஐந்து வெள்ளி அற்பமன்று.

அரசாங்கத்திற்கும் முதலாளிமார்களுக்கும் நாம் சொல்ல வேண்டியது உண்டு. ஏழைப் பிள்ளைக்குரிய கடன் முன்பணம், மனுச் செய்யத் தெரிந்தவருக்கு மட்டும் என்றில்லாமல், சேர்க்கைக் கடிதத்தோடு தானாகவே வந்து சேர வேண்டும். குறைந்த வருமானக் குடும்பங்களின் பட்டியல் அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. தோட்டக் கம்பெனிகளும், தங்கள் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அளிக்கும் உபகாரச் சம்பளத்தை இரக்கத்தால் தருவதாக நினைக்கக் கூடாது. அந்தப் பிள்ளையின் தாய் தகப்பன் விடியுமுன் பிரட்டுக்குப் போய் ஈட்டிக் கொடுத்த இலாபத்தின் ஒரு துளி அது. பேச்சுவார்த்தை மேசையில் சம்பளத்தோடு இதையும் வைக்க வேண்டும்.

மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் ரயிலேறினால், பிரிக்பீல்ட்ஸைக் கடந்து, பங்சாரைக் கடந்து, மாறாமலே யூனிவர்சிட்டி நிலையத்தில் இறங்கலாம். அந்தப் பங்சார் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். இன்று அங்கே ஒரு பால்மரத்தைக் காட்ட முடியாது. மற்ற இடங்களிலும் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்பு வந்தது. மரத்தை நம்பி இனி நம் பிள்ளைகள் வாழ முடியாது. அவர்களுக்கு நாம் விட்டுச் செல்லக்கூடியது படிப்பு ஒன்றே. அந்த ரயில் பயணம் சில நிமிடங்கள்தான். அதற்கு முன்னே நிற்கும் ஆயிரத்து ஐந்நூறு வெள்ளிதான் நம் பிள்ளைகளுக்குக் கடக்க முடியாத தூரமாக இருக்கிறது.

அந்தத் தோழரின் சங்கிலி இதை எழுதும்போதும் அடகில்தான் இருக்கிறது. மகள் படித்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த ஆண்டு அவருடைய தோட்டத்திலிருந்து இன்னொரு பிள்ளைக்கு இடம் கிடைக்குமானால், அதன் தாயின் கழுத்துச் சங்கிலி கழுத்திலேயே இருக்க வேண்டும். அதற்கான தீர்மானத்தை வரும் கிளைக் கூட்டத்திலேயே கொண்டு வருமாறு எல்லாக் கிளைச் செயலாளர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.