குடுவையில் மறைந்த களைக்கொல்லி

களைக்கொல்லிகளைச் சிதைக்கும் நுண்ணுயிர்களைப் பற்றி நம் பல்கலைக்கழகங்களில் எழுதப்படும் ஆய்வேடுகள் பல ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன. வயலிலிருந்து மண்ணெடுக்கிறோம். களைக்கொல்லி கலந்த ஊடகத்தில் அதை இட்டுத் தாக்குப்பிடிக்கும் பாக்டீரியாவைப் பிரிக்கிறோம். 16எஸ் மரபணுவைப் படித்துப் பெயர் சூட்டுகிறோம். இத்தனை நாளில் இத்தனை விழுக்காடு சிதைந்தது என்று வரைபடம் போடுகிறோம். இறுதியில், 'மாசடைந்த நிலங்களை மீட்க இவ்வுயிரி பெரிதும் பயன்படும்' என்ற வாக்கியம் தவறாமல் வந்து அமர்கிறது. அந்த இறுதி வாக்கியத்தைப் பற்றியதே இப்பதிவு. அதை எழுதும் உரிமையை நம் சோதனைகள் பெரும்பாலும் நமக்குத் தருவதில்லை என்பது என் கருத்து.

முதலில் 'சிதைவு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். எச்.பி.எல்.சி. வரைபடத்தில் மூலச்சேர்மத்தின் சிகரம் தாழ்ந்துவிட்டால் நாம் சிதைவு என்கிறோம். உண்மையில் அது மறைவு மட்டுமே. மூலக்கூறு மண்துகளில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். கண்ணாடிச் சுவரில் படிந்திருக்கலாம். ஒரே ஒரு பக்கச்சங்கிலியை இழந்து வேறு பெயரில் உலவிக்கொண்டிருக்கலாம். அட்ரசினை நினைத்துப் பாருங்கள். மக்காச்சோளத்திலும் கரும்பிலும் நம் உழவர்கள் நன்கறிந்த களைக்கொல்லி அது. மண்ணுயிர்கள் பல அதன் எத்தில் தொகுதியை மட்டும் கழற்றிவிட்டு நின்றுவிடுகின்றன. எஞ்சும் டீஎத்தில் அட்ரசினில் குளோரின் அப்படியே இருக்கிறது. ஜெர்மனி 1991இல் அட்ரசினைத் தடைசெய்தது; பல பத்தாண்டுகள் கடந்த பின்னும் அந்நாட்டின் நிலத்தடி நீரில் அட்ரசினும் இந்தச் சிதைபொருளும் தென்படுகின்றன. மூலச்சேர்மத்தின் சிகரத்தை மட்டும் அளந்தவருக்கு டீஎத்தில் அட்ரசின் கண்ணில் பட்டே இருக்காது.

முழுமையான சிதைவு நடக்கவே நடக்காது என்பதல்ல. 1995இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் வாக்கெட் இடம்பெற்ற குழு, களைக்கொல்லி கொட்டிக் கிடந்த ஓரிடத்து மண்ணிலிருந்து சூடோமோனாஸ் ஏ.டி.பி. என்ற பாக்டீரியாவைப் பிரித்ததை அறிவித்தது. அதன் முதல் நொதி குளோரினை நீக்குகிறது. அடுத்த இரண்டும் பக்கச்சங்கிலிகளை நீக்கிச் சயனூரிக் அமிலத்தைத் தருகின்றன. அதன்பின் வளையமே உடைந்து அம்மோனியாவும் கரியமில வாயுவும் மிஞ்சுகின்றன. அந்த முதல் நொதிக்கு மிக நெருங்கிய உறவான மெலமைன் நொதி அதனின்று 9 அமினோ அமிலங்களில் மட்டுமே வேறுபடுகிறது. அட்ரசின் சந்தைக்கு வந்தது 1950களின் இறுதியில்தான். மனிதன் படைத்த மூலக்கூறுக்கு மண் இவ்வளவு விரைவாக விடை கண்டது வியப்புக்குரியது. ஆயினும் அந்தக் குழு ஒவ்வொரு படியையும், ஒவ்வொரு நொதியையும், ஒவ்வொரு இடைப்பொருளையும் காட்டிய பிறகே முழுச்சிதைவு நிலைநாட்டப்பட்டது. நாம் அந்த முடிவை மேற்கோள் காட்டுகிறோம். அதற்குப் பின்னிருந்த உழைப்பைப் பின்பற்றுவதில்லை.

இரண்டாவது சிக்கல் ஊடகத்தில் இருக்கிறது. ஏ.டி.பி. அட்ரசினை உண்டது நைட்ரஜனுக்காக. சோதனையில் கார்பனுக்கு வேறு உணவு கொடுக்கப்பட்டது. நைட்ரஜனுக்கு அட்ரசினை விட்டால் வழியில்லை. கிளைபோசேட்டுக்கும் இதே கதைதான். பாஸ்பேட் இல்லாத ஊடகத்தில் கிளைபோசேட்டை மட்டும் பாஸ்பரசாகக் கொடுத்தால், பல பாக்டீரியாக்கள் அதன் கார்பன்-பாஸ்பரஸ் பிணைப்பை அறுக்கும் நொதித்தொகுதியை இயக்குகின்றன. பாஸ்பேட் தாராளமாகக் கிடைக்கும்போது அவற்றுள் பலவற்றில் அந்த நொதித்தொகுதி அடங்கிவிடுகிறது. நம் வயல்களுக்கு ஆண்டுதோறும் யூரியாவும் டி.ஏ.பி.யும் போகின்றன. குடுவையில் பட்டினி போட்டுப் பழக்கிய உயிரியை விருந்து நடக்கும் இடத்தில் விட்டு, அங்கும் அது கஞ்சியையே தேடும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். எல்லா மண்ணிலும் உரம் சிதைவைத் தடுக்கும் என்று சொல்ல வரவில்லை. உரமிட்ட மண்ணில் சோதிக்காமல் உரமிடும் நாட்டுக்குப் பரிந்துரை எழுதக்கூடாது என்பதே நான் சொல்ல வருவது.

மூன்றாவது, அளவு. எக்டேருக்கு 1 கிலோ களைக்கொல்லி தெளித்து, அது மேல் 15 செ.மீ. மண்ணில் சீராகப் பரவியதாகக் கொள்வோம். அம்மண்ணின் எடை ஏறத்தாழ 22 லட்சம் கிலோ. ஆக, ஒரு கிலோ மண்ணில் அரை மில்லிகிராமுக்கும் குறைவு. நம் குடுவைகளிலோ லிட்டருக்கு 100 மில்லிகிராம், சில வேளைகளில் அதற்கும் மேல். அவ்வளவு செறிவில் செழிக்கும் உயிரிக்கு வயலில் கிடைக்கும் துளி போதாமல் போகலாம். அது தொடங்கும் முன்பே மடிந்துவிடலாம்.

நான்காவது, தனிமை. பஞ்சாப், அரியானா கோதுமை வயல்களில் நெடுங்காலம் தெளிக்கப்பட்ட ஐசோபுரோட்டூரானை முற்றிலும் உடைக்கவல்ல எஸ்.ஆர்.எஸ்.2 என்ற ஸ்ஃபிங்கோமோனாஸ் வகை, இங்கிலாந்தின் வயல் ஒன்றிலிருந்து பிரிக்கப்பட்டது. தனியே வளர்த்தபோது அது தடுமாறியது. அதற்குத் தேவையான மெத்தியோனின் உள்ளிட்ட அமினோ அமிலங்களை அக்கம்பக்கத்துப் பாக்டீரியா ஒன்று தந்துகொண்டிருந்தது பின்னர் தெரியவந்தது. களைக்கொல்லியைத் தொடாத அந்த அண்டைவீட்டாரை நம் வழக்கமான முறையில் முதல் தட்டிலேயே கழித்துக்கட்டியிருப்போம்.

இதற்கொரு மறுப்பு எழும் என்பதை அறிவேன்: உயிரியைப் பிரிப்பது முதல் படி, வயல் அடுத்த படி, எல்லாவற்றையும் ஓர் ஆய்வேட்டில் செய்ய முடியுமா? நியாயமான கேள்வி. கதிரியக்கக் கார்பன் ஏற்றிய சேர்மங்களைக் கையாளும் வசதி எல்லாத் துறைகளிலும் இல்லை. உதவித்தொகை முடியும் நாளும் காத்திருப்பதில்லை. ஆனால் அடுத்த படி யாருடையது என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. நான் முடித்த இடத்திலிருந்து அடுத்தவர் தொடங்குவதில்லை. அவரும் வேறொரு வயலில் மண்ணெடுத்து முதல் படியிலேயே தொடங்குகிறார். நூறு பேர் முதல் படியில் நின்றால் அதை ஏற்றம் என்று சொல்ல முடியாது.

பெருஞ்செலவின்றி நாம் செய்யக்கூடியவை உண்டு. கிருமிநீக்கிய மண், எதுவும் சேர்க்காத இயற்கை மண், உயிரி சேர்த்த மண் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம். சேர்த்த உயிரி ஒரு மாதம் கழித்து அங்கே உயிரோடிருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கலாம். முக்கியச் சிதைபொருள் ஒன்றையேனும் அளக்கலாம். சோதனை முடிந்த மண்ணில் வெள்ளரியையோ கடுகையோ விதைத்து, அது முளைத்து வளர்கிறதா என்று பார்க்கலாம். அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பிரித்த உயிரியைச் சண்டிகரிலுள்ள நுண்ணுயிர்ச் சேகரிப்பகத்தில் ஒப்படைத்தால், வேறொரு மண்ணில் வேறொருவர் அதைச் சோதிக்க வழி பிறக்கும். ஜபல்பூரிலுள்ள களை ஆராய்ச்சி இயக்குநரகம் போன்ற நிறுவனங்களின் வயல்களோடு இணைந்து பணியாற்றலாம். எதிர்மறை முடிவையும் ஆய்வேட்டில் ஓர் இயலாக ஏற்க நெறியாளர்களும் தேர்வாளர்களும் முன்வர வேண்டும். 'குடுவையில் 90 விழுக்காடு, மண்ணில் ஒன்றுமில்லை' என்ற முடிவு அடுத்து வருபவரின் ஐந்தாண்டுகளை மிச்சப்படுத்தும்.

நம் இறுதி வாக்கியத்தை நாம் மறந்துவிடுகிறோம், வெளியுலகம் மறப்பதில்லை. 'மண்ணிலுள்ள நுண்ணுயிர்களே இதைத் தின்றுவிடும், அஞ்ச வேண்டாம்' என்று விற்பனைக் கூட்டங்களில் சொல்லப்படும்போது அதற்குச் சான்றாக நிற்பவை நம்முடைய வரைபடங்கள்தாம். தேயிலைத் தோட்டங்களுக்கும் பயிரில்லா நிலங்களுக்கும் ஒப்புதல் பெற்ற கிளைபோசேட்டின் பயன்பாட்டைப் பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்களுக்கு மட்டும் உரியதாக்கி, 2022 அக்டோபரில் ஒன்றிய வேளாண் அமைச்சகம் ஆணை பிறப்பித்தது. இத்தகைய முடிவுகள் விவாதிக்கப்படும் நாட்டில், ஒரு சேர்மம் எத்தனை நாள் மண்ணில் தங்கும், எதுவாக மாறும் என்பவை வாழ்வாதாரக் கேள்விகள். கிளைபோசேட்டிலிருந்து பிறக்கும் ஆம்பா அதைவிட நீண்டகாலம் மண்ணில் தங்கவல்லது. 'கிளைபோசேட் சிதைந்தது' என்ற வாக்கியத்தில் அந்தச் செய்திக்கு இடமே இல்லை.

அடுத்த ஆய்வேட்டின் இறுதிப் பத்தியை எழுதும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. எந்த ஊடகத்தில், எந்தச் செறிவில், எந்தச் சிதைபொருளை அளந்து இம்முடிவுக்கு வந்தோம் என்பதை அவ்வாக்கியத்திலேயே எழுதுங்கள். மண்ணில் சோதிக்கவில்லையெனில், மண்ணில் சோதிக்கவில்லை என்றே எழுதுங்கள்.