தீப்பெட்டியில் வந்த பொன்வண்டு

சின்ன வயசில் தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வளர்க்காதவர்கள் நம்மில் எத்தனை பேர் இருப்போம்? வேல இலையைக் கிள்ளிப் போட்டு, முட்டை இட்டிருக்கிறதா என்று மணிக்கொரு தரம் திறந்து பார்த்து, காலில் நூலைக் கட்டிப் பறக்க விட்டு... அப்போது அதெல்லாம் விளையாட்டாகத்தான் தெரிந்தது. என் பேரன் அதையே செய்தபோதுதான் மனசு உறுத்தியது.

என் மகள் கொல்லிமலையில், தேவனூர் நாட்டில் குடியிருக்கிறாள். காலாண்டு லீவில் கீழே எங்களோடு இருந்த பேரனை அழைத்துக்கொண்டு மலை ஏறினேன். வயசு ஐந்து. காரவள்ளி அடிவாரத்தில் பஸ்ஸுக்கு நின்ற நேரத்தில் வேல மரத்தில் ஒரு பொன்வண்டைப் பிடித்துவிட்டான். 70 கொண்டை ஊசி வளைவுகளும் சுற்றி முடிகிற வரை அந்தத் தீப்பெட்டியைக் கையை விட்டு வைக்கவில்லை.

மறுநாள் காலை பார்த்தால் நூலோடு ஒரு கால் தனியாகக் கிடந்தது. வண்டு மல்லாந்து கிடந்தது.

"பாட்டி, இது ஏன் எந்திரிக்க மாட்டேங்குது? நான் கட்டினதாலயா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாண்டா கண்ணு" என்றேன். ஓவென்று அழுதான். இட்லியைத் தொடவில்லை. "விடுங்கம்மா, வேற ஒண்ணு புடிச்சுக் குடுத்தா சரியாப் போயிடும்" என்றாள் மகள். எனக்கு அது சரியாகப் படவில்லை. "புடிக்க வேண்டாம், நாமே ஒண்ணு செய்யலாம் வா" என்று கொல்லைப் பக்கம் கூட்டிப் போனேன்.

அங்கே காப்பிச் செடிகளைக் கவாத்து செய்த குச்சிகள் விறகோடு காய்ந்து கிடந்தன. சமவெளியில் இருப்பவர்கள் கொய்யா, வேம்புக் குச்சியை எடுத்துக்கொள்ளலாம். நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சைக் குச்சி பின்னால் வெடித்துவிடும். அரளி, கள்ளி இரண்டும் வேண்டவே வேண்டாம். விஷம்.

கட்டை விரலைவிடச் சற்றுப் பருமனான குச்சியில் இரண்டு அங்குல நீளத்துக்கு ஒரு துண்டு. அதை நெடுக்கில் இரண்டாகப் பிளந்தால், மேலே வளைவும் அடியில் தட்டையுமாக வண்டின் உடம்பு கிடைத்துவிடும். அறுப்பதும் பிளப்பதும் பெரியவர்கள் வேலை. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது குழந்தையின் வேலை. சிலாம்பு ஒன்றுகூட இல்லாமல் வழவழவென்று வருகிறவரை தேய்க்கட்டும். என் பேரன் அரை மணி நேரம் தேய்த்தான். அழுகை தானே நின்றுவிட்டது.

காலுக்கு, அரைஞாண் கயிற்றில் மீந்த கறுப்புத் துண்டு. ஆறு கால், இரண்டு மீசை. "எங்க ஒட்டணும் பாட்டி?" என்று கேட்டான். செத்த வண்டையே வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தோம். ஆறு காலும் மார்புப் பகுதியில்தான் முளைத்திருந்தன. வயிற்றில் ஒன்றுகூட இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை வண்டு பிடித்த எனக்கே அன்றுதான் அது தெரிந்தது!

ஃபெவிகால் வைத்து ஒட்டி ஒரு ராத்திரி காயவிட்டோம். மறுநாள் பச்சை வாட்டர் கலர் பூசி, அது காய்ந்ததும் ஒரு துளி தேங்காய் எண்ணெயை மெல்லத் தொட்டு வைத்தோம். நிஜப் பொன்வண்டின் தகதகப்பு வராது, ஆனாலும் ஒரு மினுமினுப்பு வந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பரணில் கிடக்கும் பழைய பெயிண்ட் டப்பாவை எடுத்துவிடாதீர்கள். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பாவில் எவ்வளவு இருக்கிறதோ! பொம்மையை வாயில் வைக்கும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே ஈயம் கெடுக்கும். மூன்று வயசுக்குக் கீழே உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் இந்த வண்டை அதன் கைக்கு எட்டாமல் வையுங்கள். பிய்ந்து வரும் துண்டு தொண்டையில் சிக்கும்.

வேலை நடக்கும்போதே நான் சொல்லிக்கொண்டு வந்தேன்: பொன்வண்டு புழுப் பருவத்தை மண்ணுக்குள்ளோ மரத்துக்குள்ளோ இருட்டிலேயே கழிக்கும். இறக்கை முளைத்து வெயிலுக்கு வந்த பிறகு அது வாழ்வது சில வாரங்கள்தான். பேரன் ஒன்றும் பேசவில்லை. கேட்டுக்கொண்டானா என்றும் தெரியவில்லை.

ஊருக்குக் கிளம்புகிற அன்று காலையில் மிளகுக் கொடி அருகே குந்தி உட்கார்ந்திருந்தான். இலையில் ஏதோ ஒரு கறுப்பு வண்டு. விரலை நீட்டி, தொடாமல், எண்ணிக்கொண்டிருந்தான்.

"ஆறும் இருக்கு பாட்டி" என்றான். எழுந்து வந்துவிட்டான்.

தீப்பெட்டி அவன் சட்டைப் பையில்தான் இருந்தது. உள்ளே மர வண்டு.

'பூச்சியைக் கொல்லாதே, பாவம்' என்று நாமும் ஆயிரம் தரம் சொல்கிறோம். சொல்வதோடு ஒரு குச்சியையும் உப்புத்தாளையும் கையில் கொடுத்துப் பாருங்களேன். ஆறு காலையும் தன் கையால் ஒட்டிய பிள்ளைக்கு, அதில் ஒன்றைப் பிய்க்க மனசு வராது.