நம்ம கணக்கு நோட்டு யார் வீட்ல இருக்கு?

செலவுக் கணக்கு எழுதற ஆப் பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன். "எவ்ளோ வருது, எங்க போவுது, எல்லாத்தையும் அதுவே போட்டுக் காட்டிடுது சார், நாம ஒண்ணும் பண்ண வேணாம்"னு சொல்றவங்க ஒரு பக்கம். "பேங்க் விவரத்தை எவன்கிட்டயோ குடுக்கறதா?"ன்னு பதறுறவங்க இன்னொரு பக்கம். ரெண்டு பேருமே பாதிதான் சொல்றாங்கங்கறது என் கட்சி.

முதல்ல வசதி. மாசம் ஒண்ணாந்தேதி சம்பளம் வாங்கறவங்களை வெச்சுப் பேசினா இதோட அருமை தெரியாது. எங்க காஞ்சிபுரத்துல பிள்ளையார்பாளையம் பக்கம் கூலிக்குப் பட்டு நெய்யற வீட்டை எடுத்துக்கோங்க. ஒரு சேலை தறியை விட்டு இறங்க டிசைனைப் பொறுத்து பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். கோர்வைச் சேலைன்னா கூட இன்னொரு ஆள் வேணும். சேலை இறங்கினாத்தான் கூலி. பாவு வர லேட்டானா தறி சும்மா நிக்கும், அடுப்பு சும்மா நிக்காது. சீட்டு, நகைக்கடன், பள்ளிக்கூட ஃபீஸ்னு செலவு மட்டும் தேதி தவறாம வந்துடும். வரவு இப்படித் திட்டுத் திட்டா வர்ற வீட்டுக்குத்தான் கணக்கு ரொம்ப அவசியம்.

இன்னொண்ணும் இருக்கு. நெசவாளிக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. வங்கியில போய்க் கடன் கேட்டா "வருமானத்துக்கு என்ன ஆதாரம்?"னு கேப்பாங்க. ஒரு வருஷம் கணக்குல கூலி ஏறினதும் இறங்கினதும்தான் அவர் காட்டக்கூடிய ஆதாரம். அதைக் காட்டி வங்கிக் கடன் கிடைச்சா கந்துவட்டிக்குப் போக வேண்டாம். அதனால "அந்தரங்கம்தான் முக்கியம், எதையும் எவனுக்கும் காட்டாதே"ன்னு ஏசி ரூம்ல உக்காந்து சொல்றதை என்னால ஏத்துக்க முடியல.

சரி, விலை என்ன?

அமெரிக்காவுல 2007-ல மிண்ட்னு ஒரு சேவை வந்துச்சு. உங்க பேங்க் பாஸ்வேர்டையே அதுகிட்ட குடுத்துடணும். அது உள்ள போய் எல்லாக் கணக்கையும் எடுத்துட்டு வந்து ஒரே பக்கத்துல காட்டும். காசு கிடையாது, இலவசம். உங்க செலவைப் பார்த்து "இந்த கிரெடிட் கார்டு வாங்குங்க"ன்னு சிபாரிசு பண்ணி அதுல சம்பாதிச்சாங்க. 2009-ல இன்ட்யூட் கம்பெனி 17 கோடி டாலர் குடுத்து வாங்கிச்சு. 2024 மார்ச்ல மூடியே விட்டாங்க. வருஷக்கணக்கா அதையே நம்பி இருந்தவங்க வேற இடம் தேடிப் போனாங்க.

நம்ம நாட்டுல பாஸ்வேர்டு கேக்கலை, எஸ்எம்எஸ் கேட்டாங்க. வால்நட்னு ஒரு ஆப், ஞாபகம் இருக்கா? பேங்க்லேர்ந்து வர்ற மெசேஜைப் படிச்சு அழகா கணக்குப் போட்டுக் குடுக்கும். நல்ல ஆப்தான், குறை சொல்லலை. அதை 2018-ல கேப்பிடல் ஃப்ளோட்ங்கிற கடன் குடுக்கற கம்பெனி வாங்கிடுச்சு. நம்ம கணக்கு நோட்டை வட்டிக்குக் குடுக்கறவர் விலைக்கு வாங்கின மாதிரி! அதுல தப்பு நடந்துச்சுன்னு நான் சொல்ல வரலை. நோட்டு கை மாறும், மாறும்போது நம்மளை யாரும் கேக்க மாட்டாங்க. அதைத்தான் சொல்றேன். அதே 2018-ல கூகுள், கண்ட ஆப்பும் எஸ்எம்எஸ் படிக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு கொண்டு வந்தப்போ, பட்ஜெட் ஆப்புகளுக்கும் விதிவிலக்கு குடுத்துச்சு :-)

"நான் என்ன கோடீஸ்வரனா, மறைக்க என்ன இருக்கு?"ன்னு கேப்பாங்க. காந்தி ரோட்டுல பட்டு எடுக்க வர்ற யாராவது முதல்ல பர்ஸைத் திறந்து காட்டிட்டு அப்புறம் பேரம் பேசுவாங்களா? வீட்ல நகை ஏலத்துக்கு வர இன்னும் ஒரு வாரம்தான்னு பட்டு முதலாளிக்குத் தெரிஞ்சா கூலிப் பேச்சு எப்படி இருக்கும்? கடன் ஆப்புக்குத் தெரிஞ்சா வட்டிப் பேச்சும் அப்படித்தான் இருக்கும். பணக்காரனுக்கு இது மானப் பிரச்சனை. இல்லாதவனுக்கு இது பேரம்.

இங்கேர்ந்து முப்பது கிலோமீட்டர் போனா உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, கி.பி. 919, 921. வாரியத்துல இருந்து கணக்கு காட்டாதவன் மட்டுமில்ல, அவன் சொந்தக்காரங்களும் மறுபடி நிக்க முடியாதுன்னு அப்பவே கல்லுல வெட்டி வெச்சிருக்காங்க. ஊர்ப் பணத்துக்கு ஊருக்கு முன்னாடி கணக்கு. இன்னிக்கு என்னடான்னா, எங்க தெருக்காரரோட பெட்டிக்கடைச் செலவு வரைக்கும் கம்பெனிக்குத் தெரியும், கம்பெனி அதை என்ன பண்ணுதுன்னு அவருக்குத் தெரியாது. தலைகீழா இல்ல?

இப்ப கொஞ்சம் நல்ல வழி ஒண்ணு இருக்கு. அக்கவுண்ட் அக்ரிகேட்டர். ரிசர்வ் வங்கி 2016 செப்டம்பர்ல விதி போட்டு, 2021 செப்டம்பர்ல நடைமுறைக்கு வந்துச்சு. ஃபின்வு, ஒன்மணி மாதிரி உரிமம் வாங்கின கம்பெனிகள் நடுவுல தபால்காரர் மாதிரி. பாஸ்வேர்டு குடுக்க வேணாம். கவர் ஒட்டியிருக்கும், தபால்காரர் பிரிச்சுப் படிக்க முடியாது. எந்தக் கணக்கு, எதுக்காக, எத்தனை நாளைக்கு, ஒரு தடவையா மாசாமாசமான்னு கேட்டுத்தான் அனுப்பணும். வேணாம்னா நிறுத்திடலாம். பாஸ்வேர்டு, எஸ்எம்எஸ் ரெண்டையும் விட இது எவ்வளவோ மேல்.

ஆனா கவரை வாங்கிப் பிரிச்சவர் கையில போனது போனதுதான். நிறுத்தினா இனிமே போகாது, அவ்ளோதான். ஏற்கனவே போனதை அழிக்கச் சொல்ற உரிமைக்குத்தான் 2023-ல தனிநபர் தரவுச் சட்டம் வந்துச்சு. அதோட விதிகள் 2025 நவம்பர்ல வந்துச்சு, முக்கியமான கடமைகளுக்கு 18 மாசம் அவகாசமும் குடுத்தாச்சு. கம்பெனிக்கு அவகாசம், நமக்கு ஓடிபி வர்றதுக்குள்ள முடிவு பண்ணணும்!

பக்கத்துத் தெரு நெசவாளர் அண்ணன் ஒருத்தர் கடனுக்காக இந்தச் சம்மதப் பக்கத்தைத் திறந்துகிட்டு வந்தார். "அண்ணே, எத்தனை நாளைக்குன்னு பாருங்க"ன்னேன். "அதெல்லாம் இங்கிலீஷ்ல இல்ல இருக்கு தம்பி, பச்சை பட்டனை அமுக்கச் சொன்னாங்க"ன்னார். அவர் நகை வெச்சா அடகு ரசீதுல பொருள், எடை, வட்டி, தேதி எல்லாத்தையும் விரல் வெச்சுப் பார்த்துட்டுத்தான் கடையை விட்டு இறங்குவார். அந்த ரசீது மாதிரி தமிழ்ல, பெரிய எழுத்துல நாலு வரி இந்தப் பக்கத்துல போட்டா என்ன குறைஞ்சிடும்? உக்காந்து படிச்சுச் சொன்னேன். கடனுக்கு ஒரு தடவை கணக்கைக் காட்டறதுக்குச் சரின்னார். ரெண்டு வருஷத்துக்கு மாசாமாசம் பார்க்கறேன்னு கேட்ட ஆப்பை எடுத்துட்டார்.

எங்க வீட்ல இன்னும் எக்செல்தான். மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வீட்டம்மா பாஸ்புக்கைப் படிக்க, நான் தட்டறேன். அரை மணி நேரம் ஆகும். போன மாசம் அப்படித்தான் யாருமே பார்க்காத ஓடிடி சந்தா ஒண்ணு மாட்டுச்சு. யார் போட்டதுன்னு இன்னும் விசாரணை நடக்குது.