மூன்று லட்ச ரூபாய் காது

மாம்பலத்து நண்பர் சீட்டு எடுத்தார். முழுசாக மூன்று லட்சம். பெண்ணின் காலேஜ் ஃபீஸுக்குத்தான் என்று அவர் வீட்டம்மா நிம்மதியாக இருக்க, மனுஷர் ஒரு டாக் வாங்கப்போவதாக என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னார்.

நாய் இல்லை சார். டிஜிட்டல் டு அனலாக் கன்வெர்ட்டர். சி.டி.யிலும் கம்ப்யூட்டரிலும் பாட்டு என்பது வெறும் எண்கள். 1982-ல் சி.டி. வந்தபோது போட்ட கணக்கு: விநாடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து, ஒவ்வொரு அளவையும் 65,536 படிகளில் ஒன்றாகக் குறித்துக்கொள்வது. அந்த எண்களைத் திரும்ப மின் அலையாக்குவதுதான் டாக்கின் வேலை. பாட்டு கேட்கும் உங்கள் செல்போனிலும் ஒன்று சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கிறது.

உசத்தி டாக்குகளில் கோஷ்டிகள் உண்டு. ஈ.எஸ்.எஸ்., ஏ.கே.எம். சிப் வைத்துச் செய்வது ஒன்று. (2020-ல் ஜப்பானில் ஏ.கே.எம். தொழிற்சாலை எரிந்தபோது பல ஆடியோ கம்பெனிகள் சிப்புக்கு அலைந்தன.) அந்தச் சிப்பே வேண்டாமென்று ரெசிஸ்டர்களை ஏணி மாதிரி அடுக்குகிற டெனாஃப்ரிப்ஸ், ஹோலோ வகையறா இன்னொன்று. இங்கிலாந்தின் சார்ட் கம்பெனி செய்யும் 'டேவ்' தனி ரகம்.

"கடையில ரெண்டையும் கேட்டேன்யா. பன்னிரண்டாயிரம் ரூபா டாக் சும்மா பாடுது. மூணு லட்சம், திரையை விலக்கின மாதிரி இருக்கு!"

கடைக்காரர் நல்லவர். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் இரண்டையும் வீட்டுக்குக் கொடுத்தார். நான் ஒரு மல்ட்டிமீட்டரோடு போனேன். ஒரே டோனை இரண்டிலும் ஓடவிட்டு அளந்தால், சின்னது 2 வோல்ட் தருகிறது, பெரியது 2.5. சுமார் இரண்டு டெசிபல் வித்தியாசம். விஷயம் இங்கேதான். இந்த அளவு கூடினால் காது அதை 'சத்தம் அதிகம்' என்று சொல்லாது. 'ஆஹா' என்று சொல்லும். நண்பர் கடையில் பார்த்த திரை அரை வோல்ட் திரை.

பெரியதன் சத்தத்தைக் குறைத்துச் சமமாக்கினேன். இரண்டையும் போர்வையால் மூடி, ஒரு ஸ்விட்ச் பெட்டியை வீட்டம்மா கையில் கொடுத்தேன். அவர் காசு சுண்டிப் பார்த்து மாற்றவேண்டும்; நண்பர் எது என்று சொல்லவேண்டும். பதினாறு தடவை. குத்துமதிப்பாக உளறினாலே எட்டு வரும். பன்னிரண்டு வந்தால் ஓரளவு நம்பலாம். பி.காம். ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பர் வாழ்க்கையில் உதவிய ஒரே தருணம்.

நண்பருக்கு ஒன்பது.

"ஃபேன் சத்தம்யா."

ஃபேனை நிறுத்தி, வியர்க்க வியர்க்க மறுபடி. ஏழு.

"இது என்ன விலைண்ணா?" என்றார் வீட்டம்மா, போர்வையைத் தூக்கி. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நண்பர் சொன்னார். சொல்லத்தான் வேண்டியிருந்தது. அப்புறம் கொஞ்ச நேரம் அந்த வீட்டில் எந்த டாக்கும் தேவைப்படவில்லை.

எல்லா டாக்கும் ஒன்று என்று சொல்லவில்லை. மட்டமானதில் இரைச்சல் கேட்கும். ஆனால் ஒழுங்காகச் செய்த பன்னிரண்டாயிரத்தைத் தாண்டினால், மீட்டருக்குத் தெரிவது காதுக்குத் தெரிவதில்லை. அன்று உருப்படியாகச் செய்தது ஒன்றுதான்: சுவரோடு ஒட்டியிருந்த ஸ்பீக்கர்களை இரண்டடி முன்னால் நகர்த்தினோம். கொழகொழவென்றிருந்த பேஸ் தெளிந்தது. சமையலறையிலிருந்தே வீட்டம்மா, "இப்ப நல்லாருக்கே" என்றார். செலவு பூஜ்யம்.

பரீட்சையில் நானும் உட்கார்ந்தேன். கச்சிதமாக எட்டு. இரண்டு வருஷம் முன்பு அறுபதாயிரம் கொடுத்து நான் வாங்கிய டாக் என் வீட்டு ஹாலில் இருக்கிறது. மனைவியிடம் சொன்ன விலை ஆறாயிரம். இந்த இதழ் வரும் அன்று பேப்பர்காரருக்கு முன்னால் நான் வாசலில் நின்றாகவேண்டும்.