அறக்கட்டளைப் பரிசு ஏன் மார்ச் மாதத்தில் வருகிறது?

தூத்துக்குடியில் வறுமைக்கு ஒரு நாள்காட்டி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் கூலிக்குப் போகிறவர் வீட்டில் அப்போது வருமானம் நின்றுவிடும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் உப்பளம் மூடிவிடும். பாத்தியில் உப்பு வாருகிறவர்களுக்கு மழை ஓய்ந்து, தண்ணீர் வடிந்து, மறுபடி பாத்தி கட்டும்வரை வேலை இல்லை. கல்லூரிக்கும் ஒரு நாள்காட்டி இருக்கிறது. சேர்க்கைக் கட்டணம் ஜூன் வாக்கில். பருவத் தேர்வுக் கட்டணம் அக்டோபர் வாக்கில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டில் காசு இல்லாத சமயம் பார்த்துத்தான் கல்லூரி காசு கேட்கிறது.

நான் உப்பளத்து வீட்டுப் பிள்ளை. இன்று ஒரு கல்லூரி அலுவலகத்தில் கட்டணம் வாங்கும் சன்னலுக்குப் பின்னால் உட்காரும் எழுத்தர். "தம்பி, மழ விட்டு அளம் தொறந்ததும் கட்டிருதேன்" என்று கேட்கும் தாய்மார்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். வ.உ.சி. துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலியாக மூட்டை ஏற்றும் அப்பாக்கள் கப்பல் வரும் நாளைச் சொல்லித் தவணை கேட்கிறார்கள். எனக்குத் தவணை தர அதிகாரம் இல்லை. அபராதத்தோடு கட்டும் கடைசித் தேதியைச் சொல்லத்தான் அதிகாரம் உண்டு.

இதே வளாகங்களில் நல்ல மனிதர்களும் இருக்கிறார்கள். பணி ஓய்வு பெறும் நாளில் பேராசிரியர்களும் அலுவலர்களும் தங்கள் பணத்தில் ஒரு பகுதியைக் கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ கொடுத்து அறக்கட்டளை நிறுவுகிறார்கள். தமிழ்நாடு முழுக்க உள்ள வழக்கம் இது. பணம் வங்கியில் வைப்பு நிதியாகப் போடப்படும். முதலைத் தொடக் கூடாது. வட்டியில் ஆண்டுதோறும் மாணவருக்கு உதவித்தொகை அல்லது பரிசு. அதைக் கல்லூரி விழா மேடையில் வைத்துக் கொடுப்பார்கள். விழா பெரும்பாலும் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும். ஜூனில் சேர முடியாமல் போனவளும், அக்டோபரில் தேர்வுக் கட்டணம் கட்டாமல் நின்றவனும் அந்த மேடைக்குக் கீழேகூட இருக்க மாட்டார்கள்.

கொடுப்பவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. கொடுக்கும் முறையைப் பற்றித்தான் என் கேள்வி.

முதலில் கணக்கு. ஒரு லட்சம் ரூபாய்க்கு 7 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 7,000 ரூபாய். 1985இல் ஒருவர் 5,000 ரூபாய் கொடுத்து அறக்கட்டளை வைத்திருந்தால், வட்டி முழுவதையும் செலவழித்துக்கொண்டே வந்ததால் முதல் இன்றும் 5,000தான். இன்றைய வட்டியில் 350 ரூபாய். விடுதியில் நான்கு நாள் சாப்பாட்டுக்குக் காணாது. ஆனாலும் பரிசு வழங்கப்படும், பெயர் வாசிக்கப்படும், கைதட்டப்படும். கொடுத்தவர் பெயர் நிலைக்கும். வாங்குகிறவருக்கு ஒன்றும் மிஞ்சாது.

அடுத்தது பத்திரத்தில் உள்ள நிபந்தனைகள். "பாடத்தில் முதல் மதிப்பெண்" என்று ஒரு வரி. முதல் தலைமுறையாகப் படிக்க வந்து, மாலையில் கடையில் வேலை பார்த்து, இரண்டு தாளில் அரியர் வைத்திருக்கும் மாணவன் அந்த வரியிலேயே வெளியே போய்விடுவான். "நன்னடத்தை" என்று இன்னொரு வரி. நன்னடத்தையை யார் சான்றளிப்பது? அம்பேத்கர் பிறந்தநாளுக்குச் சுவரொட்டி ஒட்டினால் அது எந்த நடத்தையில் சேரும்? சில பத்திரங்களில் மூன்றாவதாக ஒரு வரி: "இன்ன சமூகத்தைச் சேர்ந்த மாணவருக்கு முன்னுரிமை."

இந்த மூன்றாவது வரிக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. பச்சையப்பரின் அறக்கொடையில் 1842இல் சென்னையில் தொடங்கிய கல்வி நிறுவனம், நெடுங்காலம் தீண்டப்படாதோர் என ஒதுக்கப்பட்ட மாணவர்களைச் சேர்க்கவே இல்லை. இந்து அல்லாத மாணவர்களுக்கு 1947வரை இடமில்லை. நம் தென்மாவட்டத்தில் வேறொரு வரலாறும் உண்டு. கோயிலுக்குள்ளும் தெருவுக்குள்ளும் மறுக்கப்பட்ட நாடார்கள், வியாபாரத்தில் மகமை பிடித்துப் பொது நிதி சேர்த்துப் பள்ளிகள் கட்டினார்கள். விருதுநகர் சத்திரிய வித்யாசாலா 1889இல் அப்படி வந்தது. ஒடுக்கப்பட்டவர்கள் தங்களுக்குள் சேர்த்த நிதி தற்காப்பு. அதே வழிமுறையைச் செல்வமும் நிர்வாகமும் கையில் உள்ள சாதி பின்பற்றினால், அது அறத்தின் பெயரில் கட்டிய மதில். அரசிடம் சம்பளம் வாங்கிய ஒருவர் பொதுக் கல்லூரியில் தன் சாதிப் பிள்ளைக்கு மட்டும் என்று பத்திரம் எழுதுவதைத் தர்மம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

வேறு மாதிரி கொடுத்தவரும் இந்த மாவட்டத்தில் இருந்திருக்கிறார். ஸ்ரீவைகுண்டம் குமரகுருபரர் கலைக்கல்லூரியில் நூலகராகப் பணியாற்றிய 'பாலம்' கல்யாணசுந்தரம், 30 ஆண்டுகளுக்கு மேல் தன் சம்பளத்தை ஏழைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். ஓய்வுக்காலப் பணத்தையும் கொடுத்தார். தன் சாப்பாட்டுக்கு ஓட்டலில் வேலை பார்த்தார். 2023இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. நாம் அவரை மகான் என்று வணங்கிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். மகான் என்று சொல்லிவிட்டால் நமக்குக் கடமை ஏதும் இல்லை என்றாகிவிடுகிறது அல்லவா? எல்லோரும் முழுச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் ஒரு சிறு பங்கைக் கொடுத்தால், மகான் தேவைப்பட மாட்டார்.

இங்கே அம்பேத்கரின் வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகை, மாதம் பதினொன்றரை பவுன், அவரைக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. பதிலுக்குப் பரோடாவில் 10 ஆண்டு பணியாற்ற ஒப்பந்தம். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். பரோடாவில் தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டார். வள்ளலின் கை எவ்வளவு நீண்டாலும் சாதியின் கதவு திறக்கவில்லை. பின்னாளில் வைசிராய் நிர்வாகக் குழுவில் அவர் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தபோது, 1944இல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தொடங்கியது. ஒரு மன்னரின் தயவில் படித்தவரின் காலத்திலேயே, லட்சக்கணக்கானோருக்கு அது உரிமையாக எழுதப்பட்டது.

எனவே "அரசு கொடுக்க வேண்டியதை நாம் ஏன் கொடுக்க வேண்டும்?" என்ற தோழர்களின் கேள்வி நியாயமானது. அறக்கட்டளை ஒருபோதும் அந்த உரிமைக்கு மாற்று ஆகாது. ஆனால் உரிமைப் பணம் தாமதமாக வரும்போது, அந்த இடைவெளியில் உயிர்கள் இருக்கின்றன. 2016 ஜனவரியில் ரோகித் வெமுலா தன் கடைசிக் கடிதத்தில், ஏழு மாத உதவித்தொகை 1,75,000 ரூபாய் தனக்கு வர வேண்டியிருக்கிறது என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். அதை நான் மறப்பதில்லை. பணம் அரசின் கணக்கில் இருப்பதும் மாணவரின் கையில் இருப்பதும் ஒன்றல்ல.

இந்த இடைவெளிக்குத்தான் ஊழியர்களும் ஓய்வுபெற்றோரும் பாலம் போட முடியும். 50 பேர் ஆளுக்கு 10,000 ரூபாய் கொடுத்தால் 5 லட்சம். பாதியை வைப்பில் போடுங்கள். மீதி 2,50,000 ரூபாய் சுழலட்டும். 2,000 ரூபாய் தேர்வுக் கட்டணம் என்றால் அக்டோபரில் 125 பேருக்குக் கட்டிவிடலாம். அரசு உதவித்தொகை வந்ததும் திருப்பித் தரட்டும், வட்டி கிடையாது. தர முடியாதவரைத் துரத்தக் கூடாது. வைப்பில் உள்ள பாதிக்கு ஆண்டுக்கு 17,500 ரூபாய் வட்டி வரும். எட்டுப் பேர் திருப்பித் தராவிட்டாலும் நிதி கரையாது.

பத்திரத்தில் சாதி வரியும் முதல் மதிப்பெண் வரியும் வேண்டாம். மேடையும் புகைப்படமும் வேண்டாம். கட்டணம் நேரே சன்னலில் கட்டப்படட்டும். குழுவில் மாணவர்களும் இருக்க வேண்டும். 1906இல் வ.உ.சி. இதே ஊரில் சுதேசிக் கப்பல் கம்பெனிக்குப் பங்கு ஒன்று 25 ரூபாய் என்று வைத்துத்தான் பணம் திரட்டினார். பங்கு வாங்கியவர் கணக்குக் கேட்கலாம். நம் அறக்கட்டளைகளில் மாணவருக்கு நன்றி சொல்ல மட்டும்தான் இடம் இருக்கிறது.

கொடுக்கக்கூடியவர்களின் எண்ணிக்கையும் குறைந்து வருகிறது. 2003 ஏப்ரலுக்குப் பின் அரசுப் பணியில் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத் திட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டார்கள். கௌரவ விரிவுரையாளருக்கும் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளருக்கும் ஓய்வுக்காலப் பணம் என்ற பேச்சே இல்லை. நிரந்தர வேலைக்கான போராட்டமும் மாணவர் உதவிக்கான நிதியும் ஒரே கணக்கில் எழுதப்பட வேண்டியவை.

இட ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்த நாம், கன்ஷிராம் 1978இல் பாம்செஃப் அமைப்பைத் தொடங்கியபோது அரசு ஊழியர்களிடம் கேட்டதை மறுபடி கேட்டுக்கொள்ள வேண்டும்: சமூகத்திடம் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்தோமா? இதை வாசிக்கும் நீங்கள் இப்போதுதான் முதல் சம்பளம் வாங்கியிருக்கலாம். நீங்கள் படித்த கல்லூரிக்குப் போய், அங்குள்ள அறக்கட்டளைகளின் பட்டியலையும் பத்திரங்களையும் கேளுங்கள். எந்த மாதத்தில் பணம் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். மார்ச் என்று இருந்தால், அதை அக்டோபருக்கு மாற்றச் சொல்லி ஒரு மனு எழுதுங்கள். மழை தொடங்குவதற்கு முன்பே எழுதுங்கள்.