தெள்ளாற்றில் வென்றவன்

புதுச்சேரியின் வரலாற்றை 1674-இல் இங்கே காலூன்றிய பிரான்சுவா மர்த்தேனிலிருந்து தொடங்குவது நமக்குப் பழகிப்போய்விட்டது. அதற்கு நானூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதே நிலப்பகுதியில் ஒரு சிற்றரசன் சோழப் பேரரசனையே சிறைப்பிடித்தான். அவனைப் பற்றி நம்மில் எத்தனை பேர் பேசியிருக்கிறோம்?

பல்லவ மரபினர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட காடவர், நெடுங்காலம் சோழருக்கு அடங்கிய தலைவர்களாகவே இருந்தனர். பாண்டியரின் தாக்குதலால் சோழர் தளர்ந்த வேளையில், காடவன் கோப்பெருஞ்சிங்கன் தெள்ளாற்றில் மூன்றாம் இராசராசனை வென்று, 1231-ஐ ஒட்டிச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். ஹொய்சள நரசிம்மன் படையனுப்பிச் சோழனை மீட்டான்.

நம் பாடநூல்களிலும் சரித்திர நாவல்களிலும் இந்நிகழ்ச்சி பெரும்பாலும் துரோகக் கதையாகவே வருகிறது. இப்பார்வைக்கு ஊற்றுக்கண் கடலூரை அடுத்த திருவயிந்திரபுரக் கல்வெட்டு. அது வென்றவர்களின் சாசனம். கோப்பெருஞ்சிங்கன் நாட்டை அழித்தான், கோயில்களைக் கெடுத்தான் என்று குற்றம் சாட்டும் அதே கல், ஹொய்சளத் தண்டநாயகர்கள் சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே கடல்வரை ஊர்களைச் சுட்டதையும் பெண்களைப் பிடித்துச் சென்றதையும் பெருமையாகப் பதிவு செய்கிறது. நாம் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்பெழுதிவிட்டோம்.

ஒப்பிட ஓர் உதாரணம் உண்டு. கி.மு. 359-இல் மக்கெதோனிய மன்னன் பெர்திக்காஸைப் போரில் வீழ்த்திய இல்லிரிய அரசன் பார்திலிஸ், மறு ஆண்டே இரண்டாம் பிலிப்பிடம் தோற்றான். அவனைப் பற்றி அறிய நமக்குக் கிடைப்பவை கிரேக்க, உரோமானிய எழுத்துகள் மட்டுமே. அவன் தரப்பைச் சொல்ல ஒரு வரியும் எஞ்சவில்லை. கோப்பெருஞ்சிங்கன் அப்படியல்லன். வயலூர்க் கல்வெட்டு தெள்ளாற்று வெற்றியை அவன் தரப்பிலிருந்து பாடுகிறது. அவனியாளப் பிறந்தான், பரதம் வல்ல பெருமாள் என்ற பட்டங்கள் கல்லில் நிற்கின்றன. தில்லைக் கோபுரப் பணியிலும் காடவருக்குப் பங்குண்டு. 1243-இல் ஆட்சியேறிய மற்றொரு கோப்பெருஞ்சிங்கனைத் தந்தையின் பெயர் தாங்கிய மகன் என்று பிற்கால ஆய்வாளர் பிரித்தறிந்ததும் கல்வெட்டுகளைக் கொண்டே. சாட்சி இருந்தும் கேளாதிருப்பது நம் குறை.

அவனை வீரநாயகனாக்க வேண்டும் என்று நாம் கோரவில்லை. தத்தம் குலத்துக்கு மூதாதை தேடி அவனுக்கு உரிமை கொண்டாடுவோர் அதை ஏற்கெனவே செய்துவருகிறார்கள். இரு கற்களையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும் என்பதே நம் வாதம். அப்படிப் படித்தால், இரு தரப்புக்கும் இடையில் எரிந்துபோன ஊர்கள் கண்ணில் படும். அவை நம் ஊர்கள். அவர்களுக்கென்று எவரும் கல் நாட்டவில்லை. பகைவன் பெருமையடித்த வரிகளில்தான் அவர்கள் துயரம் மிஞ்சியிருக்கிறது.

பாகூர், திருபுவனை, வில்லியனூர் முதலிய புதுவை வட்டாரக் கோயில்களின் கல்வெட்டுகள் 2006 முதல் நூல்வடிவம் பெற்றுள்ளன. மூலக்கற்களோ திருப்பணி என்ற பெயரில் சுண்ணாம்புக்கும் மணல்வீச்சுக்கும் இரையாகக்கூடிய நிலையில் நிற்கின்றன. திருவயிந்திரபுரம் இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம். பெருமாளைச் சேவித்துத் திரும்பும் நண்பர்கள் சுவரையும் ஒருமுறை நின்று பார்க்கட்டும்.